350 என்ற எண் சொல்லாத உண்மை

இரண்டு அளவுகளை வைத்துத் தொடங்குவோம். காலையில் சோதனை மேசையில் ஓர் ஏர்சாஃப்ட் துப்பாக்கி காட்டிய ஆற்றல் 1.14 ஜூல். ஒரு மணி நேரம் கழித்து, ஆட்டத்தின் நடுவே, அதே துப்பாக்கியின் குழலிலிருந்து கிளம்பியது 1.56 ஜூல். இடையில் யாரும் ஸ்பிரிங்கை மாற்றவில்லை, காற்றழுத்தத்தைக் கூட்டவில்லை. மாறியது குண்டு மட்டும்தான். மேசையில் 0.20 கிராம், ஆட்டத்தில் 0.40 கிராம். பிரிட்டனில் தொடர்ந்து சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்குச் சட்டம் போட்ட எல்லை 1.3 ஜூல். காலையில் எல்லைக்குள் இருந்த துப்பாக்கி, மதியத்துக்குள் எல்லையைத் தாண்டிவிட்டது. மைதானத்தின் அறிவிப்புப் பலகை மட்டும் எதுவும் நடக்காதது போல 'விநாடிக்கு 350 அடி' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏர்சாஃப்ட் விளையாட்டில் இன்றும் தீராத வழக்கு இதுதான். துப்பாக்கியின் வலிமையை எதால் அளப்பது, எங்கே கோடு போடுவது, அந்தக் கோட்டுக்குள் எல்லோரும் நிற்கிறார்கள் என்பதை எப்படி உறுதிசெய்வது? கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒருவரின் கண்ணும், ஒரு விளையாட்டின் நாணயமும் இதில் அடங்கியிருக்கின்றன.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நிஜத் துப்பாக்கியைப் போலவே தோற்றம் கொண்ட கருவியால், 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகளை ஒருவர் மீது ஒருவர் சுட்டு விளையாடுவது ஏர்சாஃப்ட். நிஜத் துப்பாக்கிகளுக்குக் கடும் தடை இருக்கும் ஜப்பானில் பிறந்தது. 1991-ல் டோக்கியோ மாருய் நிறுவனம் பேட்டரியில் இயங்கும் மாடலைக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெயின்ட்பாலில் அடிபட்டால் சட்டையில் சாயம் ஒட்டும், சாட்சி இருக்கும். இங்கே சாட்சியே இல்லை. அடிபட்டவர் தானாகக் கையைத் தூக்கி, "ஹிட்" என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். முழு ஆட்டமும் நேர்மையின் மேல் நிற்கிறது. அப்படிப்பட்ட விளையாட்டில் ஒருவரின் துப்பாக்கி மட்டும் மற்றவர்களுடையதைவிடப் பலமாக அடித்தால், வலி ஒரு பக்கம், ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பு இன்னொரு பக்கம். அந்தக் கசப்பு வந்த மைதானத்தில் அடுத்து "ஹிட்" சொல்லும் பழக்கமும் குறைய ஆரம்பிக்கும்.

வேகம் பாதிக் கணக்கு

விளையாடுகிறவர்கள் பேசும் மொழி எஃப்.பி.எஸ். விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு. "உன் கன் எத்தனை? எனது 340" என்றுதான் பேச்சு ஓடும். ஆனால் உடம்பில் படும்போது வேலை செய்வது வேகம் மட்டும் அல்ல, இயக்க ஆற்றல். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம். ஒரே வேகத்தில் வரும் டென்னிஸ் பந்தும் கிரிக்கெட் பந்தும் கையில் ஒரே மாதிரியா விழுகின்றன?

0.20 கிராம் குண்டு விநாடிக்கு 350 அடி, அதாவது சுமார் 107 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 1.14 ஜூல். அதே 350 அடி வேகத்தில் 0.40 கிராம் குண்டு போனால் ஆற்றல் சரியாக இரட்டிப்பு, 2.28 ஜூல். ஆகவே குண்டின் எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வது அரைகுறைத் தகவல். கடைகளில் 0.20, 0.25, 0.28, 0.30, 0.32 என்று தொடங்கி 0.40-க்கு மேலும் குண்டுகள் கிடைக்கின்றன. மேல்நோக்கிய சுழற்சி கொடுத்துக் குண்டை நெடுந்தூரம் மிதக்கவிடும் ஹாப்-அப் என்ற அமைப்பு ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியிலும் இருக்கிறது. கனமான குண்டு காற்றில் அலையாமல் நேராகப் போகும் என்பதால், கொஞ்சம் அனுபவம் வந்ததும் எல்லோரும் கனமான குண்டுக்கு மாறிவிடுகிறார்கள். சோதனை மேசை மட்டும் பல இடங்களில் 0.20-லேயே நிற்கிறது.

எடை இரட்டிப்பானால் வேகம் அதற்கேற்பக் குறைந்து, ஆற்றல் மாறாமல்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டுமானால், 0.40 கிராம் குண்டின் வேகம் சுமார் 247 அடியாக இறங்க வேண்டும். ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளும் சாதாரண மின்துப்பாக்கியில், சிலிண்டரில் இருக்கும் காற்றின் அளவும் குழலின் நீளமும் பொருந்தியிருந்தால் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கும். கேஸ் துப்பாக்கியிலும், முதுகில் மாட்டிய சிலிண்டரிலிருந்து உயரழுத்தக் காற்றை எடுக்கும் எச்.பி.ஏ. துப்பாக்கியிலும் கதை வேறு. இவற்றில் குண்டு குழலுக்குள் இருக்கும் வரை பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. கனமான குண்டு மெதுவாக நகர்கிறது. அதனால் குழலுக்குள் அதிக நேரம் தங்குகிறது. அதனால் அதிகத் தள்ளு வாங்குகிறது. வேகம் 247-க்கு இறங்காமல் 290-லேயே நின்றுவிட்டால் ஆற்றல் 1.56 ஜூல். தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான். ஆட்டக்காரர்கள் இதை 'ஜூல் க்ரீப்' என்கிறார்கள். இதற்கு யாரும் ஏமாற்றத் தேவையில்லை, தன் துப்பாக்கி எல்லை தாண்டுகிறது என்பதே தெரியாமல் விளையாடுகிறவர்கள் நிறைய. தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் பிடிப்பதற்கு ஒரே வழி, ஆட்டத்தில் எந்தக் குண்டைப் போடப்போகிறாரோ அந்தக் குண்டைப் போட்டே அளப்பதுதான்.

மேசையில் நடப்பது என்ன?

அளக்கும் கருவிக்கு குரோனோகிராஃப் என்று பெயர், பேச்சில் 'குரோனோ'. கையடக்கமான ஒரு சுரங்கப்பாதை போல இருக்கும். உள்ளே இரண்டு அகச்சிவப்பு ஒளிக்கதிர்கள், சில சென்டிமீட்டர் இடைவெளியில். முதல் கதிரைக் குண்டு மறைத்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, இரண்டாவதை மறைத்ததும் நிற்கிறது. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 5 சென்டிமீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு விநாடியில் 2,000-ல் ஒரு பங்கு. குண்டின் எடையை முன்கூட்டியே கருவியில் பதிந்துவிட்டால் ஜூல் கணக்கையும் அதுவே திரையில் காட்டிவிடும். எடையைத் தவறாகப் பதிந்தால் கருவியும் தவறாகத்தான் சொல்லும்.

இந்த மேசையில் மைதானத்தின் நடுவரான மார்ஷல் கவனிக்க வேண்டியவை பல. குழல் கருவிக்கு நேராக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் அளவு பிசகும். ஹாப்-அப் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை முழுக்க இறுக்கி வைத்தால் அதிலுள்ள ரப்பர், குண்டைப் பிடித்து வேகத்தைக் குறைத்துக் காட்டும்; சோதனை முடிந்து பழைய நிலைக்குத் தளர்த்தினால் வேகம் ஏறிவிடும். ஆகவே குண்டு நேராகப் பறக்கும் அளவுக்கு, ஆட்டத்தில் வைப்பது போலவே ஹாப்பை வைத்துத்தான் சுடச் சொல்ல வேண்டும். குண்டை ஆட்டக்காரரின் மேகசினிலிருந்தே எடுக்க வேண்டும். 0.20 என்று அட்டையில் எழுதிய பாட்டிலுக்குள் 0.28 இருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் வந்தால் 100 குண்டுகளை எண்ணி, நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் போதும். 20 கிராம் காட்டினால் 0.20, 28 காட்டினால் 0.28. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யும் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் எடை விஷயத்தில் பொய் சொல்லத் துணிய மாட்டார்கள்.

நாலைந்து முறை சுடச் சொல்கிறார்கள். சிலர் சராசரியைக் குறித்துக்கொள்கிறார்கள். என் கருத்தில் அது தவறு. கண்ணில் படுவது சராசரிக் குண்டு அல்ல, ஏதோ ஒரு குண்டு. எல்லை என்றால் அதிகபட்ச அளவு எல்லைக்குள் இருக்க வேண்டும்.

கருவியும் பிழை செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேகத்தில் 3 சதவீதம் குறைத்துக் காட்டும் குரோனோவில் 350 என்று தெரிந்தால், உண்மை வேகம் சுமார் 360, ஆற்றல் 1.14 அல்ல, 1.21 ஜூல். வேகத்தில் வரும் பிழை ஆற்றலில் இரண்டு மடங்காகும். பிரிட்டனில் பல மைதானங்கள் சட்டம் அனுமதிக்கும் 1.3 ஜூல் வரை போகாமல், 0.20 கிராமில் 350 அடி என்ற 1.14 ஜூலிலேயே நிறுத்திக்கொள்வதன் பயன் இங்கே தெரிகிறது. கருவியின் பிழைக்கும், வெயிலுக்கும் அந்த இடைவெளிதான் இடம் கொடுக்கிறது.

வெயிலைச் சும்மா சொல்லவில்லை. கேஸ் துப்பாக்கிகளில் ஊற்றும் 'கிரீன் கேஸ்' பெரும்பாலும் புரோப்பேன்தான். மூடிய கொள்கலனுக்குள் அதன் அழுத்தம் 10 டிகிரி செல்சியஸில் சுமார் 6.4 பார், 25 டிகிரியில் சுமார் 9.5 பார். குளிர்ந்த காலையில் தேறிய துப்பாக்கி, வெயிலேறிய பிற்பகலில் அதே துப்பாக்கி அல்ல. எச்.பி.ஏ. துப்பாக்கியில் வெயில்கூட வேண்டாம், ரெகுலேட்டரில் ஒரு திருகு போதும். அதனால்தான் சோதனைக்குப் பிறகு யாரும் திருக முடியாதபடி ரெகுலேட்டரின் மேல் ஒரு பூட்டு மாட்டச் சொல்கிறார்கள். அதிகாலைச் சோதனையோடு மார்ஷலின் கடமை முடிந்துவிடுவதில்லை. மதிய உணவுக்குப் பிறகு கையில் குரோனோவோடு மைதானத்துக்குள் வந்து, நின்ற இடத்திலேயே நாலு பேரை அளக்கும் மார்ஷல் இருக்கும் இடம்தான் நம்பத் தகுந்த இடம்.

சட்டம் போட்ட கோடுகள்

ஜப்பான் இந்தக் கோட்டைக் கடினமான அனுபவத்துக்குப் பிறகு போட்டது. வெகுகாலம் வரை அங்கே தயாரிப்பாளர் சங்கங்களே தங்களுக்குள் எல்லை வைத்துக்கொண்டிருந்தன. பலம் கூட்டப்பட்ட ஏர்கன்களால் ஓடும் வாகனங்களைச் சுட்ட சம்பவங்கள் 2005-ல் நாட்டை அதிரவைத்தன. அடுத்த ஆண்டே துப்பாக்கி-வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. எல்லை மீறிய துப்பாக்கிகளைக் கைவிடுவதற்கோ, பலத்தைக் குறைப்பதற்கோ ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அவர்கள் எல்லையை எழுதிய விதம் கவனிக்கத்தக்கது. வெறும் ஜூலில் எழுதவில்லை. ஆற்றலைக் குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்து, சதுர சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்றார்கள். காயம் ஆற்றலால் மட்டும் வருவதில்லை, அந்த ஆற்றல் எவ்வளவு சிறிய இடத்தில் இறங்குகிறது என்பதாலும் வருகிறது. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அந்தக் கணக்கில் கிடைப்பது 0.989 ஜூல். 0.20 கிராம் குண்டுக்கு இது விநாடிக்கு 99 மீட்டர் வேகம், 0.25 கிராமுக்கு 89 மீட்டர்தான். எடை மாறினால் அனுமதிக்கப்பட்ட வேகமும் மாற வேண்டும் என்பதை அந்தச் சட்டம் தானாகவே சொல்லிவிடுகிறது.

பிரிட்டனில் 2017 மே மாதம் முதல், குழல்முனையில் 1 ஜூலைத் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்தான ஆயுதம் என்ற வரையறை வந்தது. ஏர்சாஃப்ட்டுக்குத் தனி விலக்கு. தொடர்ந்து சுடக்கூடியதற்கு 1.3 ஜூல், ஒரு விசைக்கு ஒரு குண்டு மட்டுமே போடுவதற்கு 2.5 ஜூல். குண்டு பிளாஸ்டிக்காக, உருண்டையாக, 8 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். இதைவிட முக்கியமான இடம் ஒன்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எந்தக் குண்டைப் போட்டாலும், எந்த வழியில் சுட்டாலும் அந்த அளவைத் தாண்ட இயலாததாகத் துப்பாக்கி இருக்க வேண்டும் என்கிறது. "நான் 0.20-ல் அளந்தேன், சரியாக இருந்தது" என்ற பதில் அங்கே எடுபடாது. தொடர்ந்து சுடும் துப்பாக்கி எல்லையைத் தாண்டினால் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்ற வகைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அது விளையாட்டுத் தகராறு அல்ல, சிறைக்குப் போகும் விவகாரம். ஜெர்மனியோ தொடர்ந்து சுடும் வகைக்கு 0.5 ஜூலிலேயே கதவைச் சாத்திவிட்டது.

எண்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் இந்த மூன்று நாட்டுச் சட்டங்களில் எதுவும் அடி-விநாடியில் எழுதப்படவில்லை என்பதைப் பாருங்கள். மைதானங்கள் மட்டும் ஏன் இன்னும் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

தூரம் என்ற இரண்டாவது கோடு

ஸ்னைப்பர் துப்பாக்கிகளுக்குப் பல மைதானங்கள் 0.20 கிராமில் 500 அடி, அதாவது 2.32 ஜூல் வரை அனுமதிக்கின்றன. சாதாரணத் துப்பாக்கியைப் போல இரண்டு மடங்கு. இது நியாயமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பதில் தூரத்தில் இருக்கிறது. இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் யாரையும் அதால் சுடக் கூடாது. 20 முதல் 30 மீட்டர் என்று மைதானத்துக்கு மைதானம் மாறும். நெருங்கி வந்தால் இடுப்பில் இருக்கும் சின்னக் கைத்துப்பாக்கியைத்தான் எடுக்க வேண்டும்.

காற்றுத் தடையைக் கணக்கில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் இந்த விதியின் பொருள் விளங்கும். 2.32 ஜூலில் கிளம்பும் 0.40 கிராம் குண்டு 20 மீட்டர் தாண்டும்போது அதில் மிஞ்சுவது சுமார் ஒரு ஜூல். சாதாரணத் துப்பாக்கி முகத்துக்கு நேரே கொடுக்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழே. 30 மீட்டரில் சுமார் 0.7. ஆக, தூர விதியை மதித்தால் ஸ்னைப்பரின் அடி மற்றவர்களுடைய அடியைவிட மோசமானது அல்ல. மதிக்காமல் 5 மீட்டரில் சுட்டால் மிகவும் மோசமானது. எந்தக் கருவியாலும் அளக்க முடியாத, சுடுகிறவரின் மனசாட்சியை மட்டுமே நம்பிய விதி இது. அதனால்தான் இதை மீறுகிறவரை முதல் தடவையே அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவது சரி என்கிறேன். எச்சரிக்கை கொடுத்து விடுவதற்கு இது சின்னத் தவறு அல்ல.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. இலகுவான 0.20 கிராம் குண்டு 20 மீட்டருக்குள் தன் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிடுகிறது. 0.40 கிராம் குண்டு பாதிக்குச் சற்று மேல்தான் இழக்கிறது. குழல்முனையில் ஒரே ஜூல் காட்டிய இரண்டு துப்பாக்கிகள் தூரத்தில் சமமாக அடிப்பதில்லை. ஆகவே ஜூலில் அளந்தாலும், சாதாரணத் துப்பாக்கிகளுக்குக் குண்டின் எடைக்கும் ஓர் உச்சவரம்பு வைப்பதுதான் முறை. கட்டடங்களுக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு இன்னும் தாழ்ந்த ஜூல் எல்லையும், தொடர்ந்து சுடுவதற்குத் தடையும் வேண்டும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அருகில்தான் இருக்கிறார்கள்.

கண் விஷயத்தில் சமரசம் இல்லை

இத்தனை அளவும் சரியாக இருந்தாலும் 1.14 ஜூல் கண்ணுக்குப் பாதுகாப்பான அளவு ஆகிவிடாது. பெரிய பந்து முகத்தில் பட்டால் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு பெருமளவு தாங்கிக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் குண்டு அந்த எலும்பு வளையத்துக்குள் நேராக நுழைந்து விழியில் படும். கருவிழி கிழியலாம், விழியின் முன்னறையில் ரத்தம் கட்டலாம், லென்ஸ் சேதமாகிக் கண்புரை வரலாம், விழித்திரை பிரியலாம்.

கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்வது போதாது, எந்தக் கண்ணாடி என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 166 தரநிலையில் 'எஃப்' முத்திரை பெற்ற கண்ணாடியை, 0.86 கிராம் எடையுள்ள 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்திருப்பார்கள். அதன் ஆற்றல் 0.87 ஜூல். மைதானம் அனுமதிக்கும் 1.14 ஜூலைவிடக் குறைவு, ஸ்னைப்பரின் 2.32-க்குப் பக்கத்தில்கூட வராது. 'பி' முத்திரைக்கு வேகம் 120 மீட்டர், ஆற்றல் 6.2 ஜூல். எந்தக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஓரங்களை முகத்தோடு ஒட்டி மூடுவதாகவும் இருக்க வேண்டும். வெறும் கம்பிவலைக் கண்ணாடியில் பனி படியாது என்பது உண்மை, ஆனால் உடைந்த குண்டின் தூள் வலைக்குள் புகுந்துவிடும். பல்லையும் மறைக்கும் கீழ்முகக் கவசம் இளையவர்களுக்குக் கட்டாயம்.

வார இறுதியில் வாடகைத் துப்பாக்கியோடு முதன்முறையாக வரும் பதினைந்து வயதுப் பையன்தான் இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் உரியவன். அவன் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த மைதானத்திலேயே பலம் குறைந்த துப்பாக்கி. எதிரே நிற்பவரிடம் என்ன குண்டு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றாது. அவனுக்காக மைதானம் கேட்க வேண்டும். உரிமையாளரின் நண்பர், வாராவாரம் வரும் பழைய ஆள், மார்ஷலே ஆனாலும் வரிசையில் நின்று, தன் குண்டைப் போட்டு, தன் ஹாப் நிலையில் சுட்டுக்காட்டிய பிறகே உள்ளே போக வேண்டும். ஒருவருக்குத் தளர்த்தினால் வரிசையில் நின்ற மற்ற அத்தனை பேரையும் அவமதித்ததாகும்.

பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குப் போகிறார்கள் என்றால், பெற்றோரும் நண்பர்களும் அந்த மைதானத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். எல்லை ஜூலிலா, வேகத்திலா? அளப்பது ஆட்டக்காரரின் குண்டிலா? ஆட்டத்தின் நடுவே திடீர்ச் சோதனை உண்டா? தெளிவான பதில் வராத இடத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் வந்தாலும், 'பி' முத்திரைக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.